மூன்று நட்சத்திர மாமனார்

எங்கள் ஊர் நூலகத்தின் கணினி அறைச் சுவரில் நான்கு விதிகள் ஒட்டியிருக்கும். எழுதியது நான். படித்தவர் யாருமில்லை.

ஒன்று, நீளமாக எழுதுவதை வெளியே வேறு கோப்பில் எழுதி வைத்துக்கொண்டு பிறகு விக்கிப் பக்கத்தில் ஒட்டு. இரண்டு, பத்து வரிக்கு ஒருமுறை சேமி. மூன்று, தொடங்கும் முன் பக்கத்தின் தலையில் ‘எழுதிக்கொண்டிருக்கிறேன், கை வைக்காதே’ என்ற பலகையை மாட்டு. அடுத்தவர் மாட்டியிருந்தால் கை வைக்காதே. நான்கு, முட்டல் வந்தால் எதையும் மூடாதே, என்னைக் கூப்பிடு.

முட்டல் என்பது இரண்டு கிடாக்கள் ஒரே பாலத்தில் எதிரெதிரே வருவது. நீ ஒரு பக்கத்தைத் திறந்து மணிக்கணக்காக எழுதுகிறாய். அதற்குள் இன்னொருவன் அதே பக்கத்தைத் திறந்து ஒரு காற்புள்ளியை மாற்றிச் சேமித்துவிட்டுப் போய்விடுகிறான். நீ சேமிக்கும்போது திரை இரண்டாகப் பிளக்கும். மேலே அவன் சேமித்தது, கீழே நீ எழுதியது. கீழே இருப்பதை மேலே ஏற்றிச் சேமித்தால் பிழைத்தாய். பயந்துபோய் மூடினால் தீர்ந்தது.

இதெல்லாம் எங்கள் மாவட்ட விக்கிக்காக. நூலக இயக்குநர் தலைநகர் பிஷ்கெக்கில் ஏதோ பயிற்சிக்குப் போய்விட்டு வந்து ஆரம்பித்தார். மாவட்டத்தின் மலை, ஆறு, மனிதர், எதைப் பற்றியும் யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் எழுதியதையும் யாரும் திருத்தலாம். கவனித்துக்கொள்ளும் பொறுப்பு என்மேல் விழுந்தது. நான் இரவில் மருத்துவமனைக் கொதிகலனுக்கு நிலக்கரி தள்ளுகிறவன், கல்லூரியை இரண்டாம் ஆண்டில் விட்டவன். பகலில் ஊரில் சும்மா இருப்பவன் நான் ஒருவன்தான்.

விதிகள் ஏன் எடுபடவில்லை என்றால், வெளியே எழுதி வைக்கலாமென்று நூலகக் கணினியில் எழுதிச் சேமித்தால், கிர்கிஸ் மொழிக்கே உரிய எழுத்துகள் மறுநாள் கேள்விக்குறிகளாகக் கிடக்கும். பத்து வரிக்கு ஒருமுறை சேமிக்க வேண்டும் என்பது மின்சாரம் போன பிறகுதான் இவர்களுக்கு ஞாபகம் வரும். பலகை விஷயம் இன்னும் மோசம். எங்கள் ஊரில் கதவு சாத்தியிருந்தால் உள்ளே இறைச்சி வேகிறது என்று அர்த்தம். ‘கை வைக்காதே’ என்று மாட்டிய பக்கத்தில்தான் அன்றைக்கு அதிகக் கைகள் விழும்.

பலகை விதியையாவது மதித்தவள் பெகாயிம் மட்டும்தான்; பத்து வரிக்கு ஒருமுறை சேமிப்பது அவளுக்கும் மறந்துபோகும். பள்ளியில் என் வகுப்பு. நான்கு வருடத்துக்கு முன் ஜுமகாதிர் வீட்டுக்கு மருமகளாகப் போனாள். புருஷன் ரஷ்யாவில் கட்டட வேலை. மற்றவர்கள் தங்கள் குதிரையைப் பற்றி நான்கு வரி எழுதிவிட்டுப் போவார்கள். இவள் ஆதாரம் தேடி, ஆட்களைக் கேட்டு, உட்கார்ந்து எழுதுவாள். இயக்குநர் அவளுக்கு நூலகத்தில் அரைநாள் வேலை போட்டுக் கொடுக்கத் தயாராக இருந்தார். வேலைக்கு விட வேண்டியது மாமியார் குலிபா.

குலிபா ஒரு நிபந்தனை போட்டிருந்தாள். வீட்டுக் கிழவருக்கு எழுபது வயது விருந்து வருகிறது. அவரைப் பற்றிய பக்கம் விருந்தன்றைக்குச் சுவரில் பெரிதாகத் தெரிய வேண்டும், ஊர் பார்க்க வேண்டும். அதைப் பார்த்துவிட்டு வேலையைப் பற்றி யோசிப்பாள்.

கிழவர் ஜுமகாதிர் முப்பத்திநான்கு வருடம் கணவாயில் பனி தள்ளும் புல்டோசர் ஓட்டியவர். அண்ணன், தம்பி இருவருக்கும் அதே சாலையில்தான் வேலை. எழுத விஷயம் இருந்தது. சிக்கல் பெயரில்.

எங்கள் பக்கத்தில் மருமகள் மாமனாரின் பெயரைச் சொல்லமாட்டாள். அவர் அண்ணன் தம்பி பெயரையும் சொல்லமாட்டாள். இப்போது பல வீடுகளில் இதைக் காற்றில் பறக்க விட்டுவிட்டார்கள். குலிபா விடவில்லை. ஜுமகாதிரின் முன்பாதி எங்கள் மொழியில் வெள்ளிக்கிழமை என்பதால், பெகாயிமுக்கு வாரத்தில் ஆறு நாள்தான். “வியாழனுக்கு மறுநாள் வர்றேன்டா” என்பாள், முகத்தில் எதுவும் இல்லாமல்.

“டைப் பண்றது சொல்றது ஆகாதே அபா?” என்று ஒருமுறை மாமியாரிடம் கேட்டுப் பார்த்தாள்.

“வாயால சொன்னா காத்துல போயிடும். எழுதினா நிக்கும். அது இன்னும் மோசம்” என்றாள் குலிபா. யோசித்துப் பார்த்தால் கிழவி சொன்னதில் தவறில்லை.

அதனால் எங்களுக்குள் ஒரு முறை வந்தது. மாமனார் பெயர் வர வேண்டிய இடத்தில் பெகாயிம் மூன்று நட்சத்திரம் போடுவாள். அவர் அண்ணனுக்கு இரண்டு, தம்பிக்கு ஒன்று. எழுதிச் சேமித்துவிட்டு, “முடிச்சிட்டேன், பேர் போடு” என்பாள். நான் என் கணக்கில் உள்ளே போய் நட்சத்திரங்களைப் பெயர்களாக மாற்றுவேன். ஒரு நிமிட வேலை. அவள் சொல்லாமல் நான் தொடமாட்டேன்.

விருந்து நவம்பர் மாதம் ஒரு சனிக்கிழமை, மாலை நான்கு மணிக்கு. முந்தின நாள் வரை பிறப்பு, படிப்பு, சாலை, புல்டோசர் எல்லாம் எழுதிச் சேமித்துவிட்டாள், நட்சத்திரங்களோடு. மீதி இருந்தது பனிச்சரிவுப் பகுதி. ஒரு குளிர்காலத்தில் கல்யாணக் கோஷ்டியோடு பேருந்து ஒன்று கணவாயில் புதைந்து, ஜுமகாதிர் போய் வழி வெட்டிய கதை. ஊரில் எல்லோருக்கும் தெரியும், ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு மாதிரி. பெகாயிம் ஐந்து வாரம் அலைந்து பதினொரு பழைய ஓட்டுநர்களைக் கேட்டு, ஒரு நோட்டில் கிறுக்கி வைத்திருந்தாள்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் பலகையை மாட்டிவிட்டு உட்கார்ந்தாள். நான் இயக்குநர் அறையில் அவருடைய மடிக்கணினியோடு தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். பன்னிரண்டேகாலுக்கு என் போன் அடித்தது.

“டேய் திலெக், என்னடா எழுதி வச்சிருக்கீங்க?” குலிபா. “என் நாத்தனார் பொண்ணு போன்ல காட்டறா. எங்க வீட்டு மனுஷன் பேரையே காணோம். எங்க பார்த்தாலும் மூணு நட்சத்திரம். அவர் என்ன கொன்யாக் பாட்டிலா?”

“அபா, அது ஒரு அடையாளம். பேர் நான் அப்புறம் போடுவேன்.”

“அப்புறம்னா எப்போ? அவர் செத்தப்புறமா? நாலு மணிக்கு ஊரே வருது. அவர் தம்பி ஒருத்தன், அந்த ஒத்தை நட்சத்திரம், அது குறைஞ்ச சரக்கான்னு இப்பவே கேக்கறான்.”

“பெகாயிம் எழுதிட்டிருக்கா. அவ முடிக்கட்டும்...”

“இப்பப் போடு. நான் போனை வைக்கமாட்டேன்.”

வைக்கவும் இல்லை. மூச்சு கேட்டுக்கொண்டே இருந்தது. பக்கத்தைத் திறந்தேன். தலையில் பலகை இருந்தது. பலகை மாட்டச் சொன்னவனே நான்தான், எனக்கு எதற்குப் பலகை என்று நினைத்தேன். மூன்று நட்சத்திரத்தை ஜுமகாதிர் ஆக்கினேன். இரண்டை அசானாலி ஆக்கினேன். ஒன்றை முகாஷ் ஆக்கினேன். சேமித்தேன்.

“போட்டாச்சு அபா.”

“ம். இப்பத்தான் மனுஷன் மாதிரி இருக்கு.” வைத்துவிட்டாள். நான் இன்னொரு கோப்பை ஊற்றிக்கொண்டேன். பெகாயிமிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றவேயில்லை.

ஒரு மணிக்குக் கணினி அறைக்குப் போனேன். பெகாயிம் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எதிரே திரை துடைத்த மாதிரி இருந்தது.

“முடிச்சிட்டியா?”

“மூடிட்டேன்.”

“எதை?”

“எல்லாத்தையும்.” குரல் ஏறவில்லை. “சேமின்னு தட்டினேன். ரெண்டா பிளந்துச்சு. மேல பார்த்தா அவரு பேரு. திரை முழுக்க அவரு பேரு. நேத்து நட்சத்திரம் போட்ட இடம் பூரா. பக்கத்துல பெகாயிம்னு என் பேரு, கீழ சேமிக்கவான்னு கேக்குது. தட்டினா நான் எழுதின மாதிரிதானே ஆகும்? கை தானா போய் மூடிடுச்சு.”

“நாலாவது விதி என்ன சொல்லுது? முட்டல் வந்தா...”

“நாலாவது விதியைப் பத்திப் பேசினே, இந்தக் கீபோர்டு உன் மண்டையில இறங்கும். மூணாவது விதியை மீறினது எந்த நாய்டா?”

சுவரில் மூன்றாவது விதியை நானே ஒருமுறை படித்தேன்.

“பலகை மாட்டியிருந்தேனா இல்லையா?”

“மாட்டியிருந்தே.”

“முடிச்சிட்டேன்னு சொன்னேனா?”

“இல்ல. உன் மாமியார் போன்ல...”

“என் மாமியாருக்கு நான் பயப்படறேன், சரி. நீ எதுக்குடா பயப்படறே? உன்னைக் கட்டிக் குடுத்திருக்கா அந்த வீட்டுல?”

பின்னால் போகும் பொத்தானை அழுத்தினேன். மூடியதைத் திரும்பத் திறந்தேன். காலிப் பெட்டி வந்தது. பழைய கணினி, எதையும் நினைவில் வைத்துக்கொள்ளாது. அந்த ஒரு விஷயத்தில் எனக்கு அதன்மேல் பொறாமை உண்டு.

மூன்று மணி நேர எழுத்து போய்விட்டது. நோட்டு இருந்தது, ஆனால் அதில் இருந்தவை வார்த்தைகள் அல்ல, ஞாபகத்துக்கான கொக்கிகள். மூன்று மணிக்கு அவள் தேநீர் ஊற்ற விருந்து நடக்கும் உணவகத்தில் இருந்தாக வேண்டும். கெலின், அதாவது மருமகள், இல்லாமல் அந்த வீட்டில் கெட்டில் கூடக் கொதிக்காது.

“நீ சொல்லு, நான் அடிக்கறேன். பேர் எல்லாம் என் கையால போயிடும்” என்றேன். அதைவிட நல்ல யோசனை வேறில்லை.

அவள் நோட்டை எடுத்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தாள். பெயர் வரும் இடத்தில் வாயை மூடி மேசையைத் தட்டினாள். மூன்று தட்டு மாமனார், இரண்டு தட்டு பெரியவர், ஒரு தட்டு சின்னவர். “காலைல நாலு மணிக்குச் செய்தி வருது. டொக் டொக் டொக் எழுந்து பூட்ஸைத் தேடறாரு. டொக் டொக் ஏற்கெனவே போதையில இருக்காரு, வரமுடியாது.” பக்கத்து அறையில் பாடம் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் யாரோ கதவைத் தட்டுவதாக இரண்டு முறை எழுந்து வந்து பார்த்தார்கள்.

பத்து வரிக்கு ஒருமுறை சேமித்தேன். அந்த விதிகளை எழுதிய பிறகு அவற்றை நான் கடைப்பிடித்தது அன்றைக்குத்தான்.

மூன்றரை மணிக்கு என் போன். “கெலின் எங்கடா? டீ ஊத்த ஆளில்லாம விருந்தாளிங்க ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்துட்டிருக்காங்க!” கடைசிப் பத்தி பாக்கி. மடிக்கணினியைக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு இருவரும் ஓடினோம்.

உணவகத்தில் ஊர் மொத்தமும் இருந்தது. மேசைகளில் போர்சோக், எண்ணெயில் பொரித்த மாவுத் துண்டுகள், மலை மலையாகக் கொட்டியிருந்தது. நடு மேசையில் ஜுமகாதிர் வெள்ளைத் தொப்பியோடு, வேறு யாருடைய விருந்துக்கோ வந்தவர் போல உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் குலிபா. எதிர்ச்சுவரில் புரொஜெக்டர் எங்கள் பக்கத்தைக் காட்டிக்கொண்டிருந்தது.

பெகாயிம் முக்காட்டை இழுத்துக் கட்டிக்கொண்டு தேநீர் ஊற்றப் போனாள். மாமியார் முன்னால் என்னை “நீங்க” என்று கூப்பிடுவாள். “திலெக், அதைச் சமையலறையில வச்சிடுங்க” என்றாள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை உள்ளே வந்து, ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, ஒரு வரி அடித்துவிட்டு ஓடினாள். அந்தக் கடைசிப் பத்தியை அவளே எழுத வேண்டுமாம். நட்சத்திரம் போட்டே எழுதினாள். பலகையும் மாட்டியிருந்தது.

கெட்டது விருந்து நடத்துபவனால். ஒலிவாங்கியைப் பிடித்தவன் சும்மா இருந்தால்தானே. “அன்பு உறவுகளே! இந்தப் பக்கத்துல நீங்களும் எழுதலாமாம்! போனை எடுங்க, நம்ம புல்டோசர் வீரருக்கு ஆளுக்கு ஒரு வார்த்தை!”

எடுத்தார்கள். சுவரில் பக்கம் புதுப்பிக்கப்படும் ஒவ்வொரு முறையும் பேருந்தில் ஆள் ஏறினார்கள். பத்தொன்பது பேர் இருந்த பேருந்தில் இருபத்தேழு பேர். பிறகு நாற்பத்தொன்று. ஒருவன் தன் அப்பாவை ஏற்றினான். இன்னொருவன் தன் அப்பாவையும் அவருடைய குதிரையையும் ஏற்றினான். பதினான்கு மணி நேர வேலை பத்தொன்பதானது, இருபத்தாறானது. யாரோ ஓநாய்களைச் சேர்த்தார்கள். ஒவ்வொரு வரிக்கும் கை தட்டினார்கள். பலகையைப் பற்றி ஒருவன் மட்டும் கேட்டான்: “மேல கை வைக்காதேன்னு போட்டிருக்கே?” பக்கத்திலிருந்தவன் சொன்னான்: “அப்போ ஏதோ இருக்கு. வை.”

சமையலறை வாசலில் பெகாயிம் நின்றாள். “முட்டிடுச்சு. மூடலை. வாங்க.”

போய்ப் பார்த்தேன். மேலே ஊர் எழுதியது, ஓநாய்களோடும் ஜுமகாதிர் ஜுமகாதிர் என்று நெரிசலோடும். கீழே அவள் எழுதியது. நான் உட்காரப் போனேன். அவள் மடிக்கணினியை அப்படியே தூக்கிக்கொண்டு கூடத்துக்குள் நடந்தாள். நேராக நடு மேசைக்கு. ஆட்டுத்தலைத் தட்டை ஒதுக்கிவிட்டு, கிழவர் முன் வைத்தாள்.

“அத்தா, மேல இருக்கறது ஊர் எழுதினது. கீழ இருக்கறது நான் எழுதினது. ஒண்ணுதான் நிக்கும். நான் தட்டமுடியாது.”

“ஏன்?”

“மேல உங்க பேர் இருக்கு.”

குலிபா பல்லைக் கடித்துக்கொண்டு, “விருந்துக்கு நடுவுல என்னடி இது?” என்றாள்.

கிழவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கீழே இருந்ததை உரக்கப் படித்தார். மூன்று நட்சத்திரம் வந்த இடத்தில் தன் நெஞ்சைத் தொட்டுக்கொண்டார். “... பதினான்கு மணி நேரம் தள்ளினார். பிறகு டீசல் தீர்ந்தது. மீதி வழியைப் பேருந்திலிருந்தவர்களே மண்வாரியால் வெட்டிக்கொண்டு வந்தார்கள். அவர்கள் வந்து சேரும்வரை, வண்டிக்குள் உட்கார்ந்து திட்டிக்கொண்டிருந்தார். வந்ததும் அவர்களுடைய கல்யாணச் சீர் இறைச்சியில் பாதியைச் சாப்பிட்டார்.”

“இதையா எழுதினே?” குலிபா தேநீர்க் கிண்ணத்தாலேயே திரையைக் காட்டினாள். “இதுக்காடி உன்னை வெளிய விட்டேன்? இனிமே வாசப்படி...”

“நான்தான் சொன்னேன்” என்றார் கிழவர்.

“என்னது?”

“அவ கேட்டா, சொன்னேன். முப்பது வருஷமா ஒரு பய கேக்கலை. எல்லாரும் எனக்கே என் கதையைச் சொல்லிட்டிருந்தானுங்க.” கண்ணாடிக்கு மேலாகக் கூடத்தைப் பார்த்தார். “ஓநாயை யாருடா போட்டது? அந்தக் குளிர்ல ஓநாய் வீட்டை விட்டு வருமா?”

சில போன்கள் சட்டைப்பைக்குள் போயின.

“இறைச்சி நல்லா இருந்துச்சு” என்றார். பிறகு என்னிடம்: “கீழ இருக்கறதை மேல ஏத்துடா.”

ஏற்றினேன். பேருந்திலிருந்து இருபத்திரண்டு பேரும் ஒரு குதிரையும் இறங்கினார்கள். “இப்ப எதைத் தட்டணும்?” காட்டினேன். புல்டோசர் நெம்புகோலைப் பிடித்துத் தடித்த கட்டைவிரல். நான்கு பொத்தான்களைச் சேர்த்து அழுத்தினார், அதில் சரியானதும் இருந்தது.

சுவர் மாறியது. பனிச்சரிவுப் பகுதியின் கடைசியில், ஆள் உயரத்துக்கு, வரிக்கு வரி மூன்று நட்சத்திரம்.

பின்மேசையிலிருந்து ஒருவன் கத்தினான்: “மூணு நட்சத்திரம்! ஊத்துங்கடா!” கூடம் எழுந்து நின்று குடித்தது. ஜுமகாதிரும் குடித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை, பிறகும் பார்க்கவில்லை.

குலிபா மட்டும் உட்கார்ந்தே இருந்தாள். கூடத்தில் யார் யார் இன்னும் போனைக் கையில் வைத்திருக்கிறார்கள் என்று ஒவ்வொருவராகப் பார்த்தாள்.

“நாளைக்கும் கை வைப்பானுங்களா?” என்று என்னைக் கேட்டாள்.

“வைப்பாங்க அபா. யார் வேணா வைக்கலாம்.”

“என் வீட்டு மனுஷன் மேல ஊர்க்காரன் ஓநாயை ஏத்துவான், நான் பார்த்துட்டிருக்கணுமா?” பெகாயிம் பக்கம் திரும்பினாள். “திங்கக்கிழமைலேர்ந்து அங்க போய் உட்காரு. அரைநாளோ முழுநாளோ. காவல் காக்கணும். அந்த இறைச்சி வரியை மட்டும் எடுத்துடு.”

“எடுக்கக் கூடாது” என்றார் கிழவர், ஆட்டுத்தலையிலிருந்து காதை அறுத்துக்கொண்டே.

“எடுக்கமாட்டேன் அபா” என்றாள் பெகாயிம். நான்கு வருடத்தில் மாமியாரிடம் அவள் மாட்டேன் என்றது அது முதல்முறையாக இருக்கலாம். சொல்லிவிட்டுக் கிண்ணத்தை வாங்கித் தேநீர் நிரப்பினாள்.

நான் மடிக்கணினியைத் திருப்பிக்கொண்டேன். “சரி, பேர் போட்டுடவா?”

“முடிச்சிட்டேன்னு சொன்னேனாடா?” என்றாள் என் காதருகே. அப்போது “நீங்க” காணாமல் போயிருந்தது.

திங்கட்கிழமை நான் கொதிகலனிலிருந்து நேரே நூலகத்துக்குப் போனபோது அவள் மேசையில் இருந்தாள். சுவரில் என் மூன்றாம் விதிக்குக் கீழே சிவப்புப் பேனாவில் ஒரு வரி கூடியிருந்தது: ‘இதை எழுதி ஒட்டியவனும் இதில் சேர்த்தி.’ அந்த வரியை மட்டும் இப்போது எல்லோரும் படிக்கிறார்கள்.